வாயைத் திறந்து மூச்சுவிட்ட காடைகள்: கானாடுகாத்தான் வீடொன்றின் நிகழ்வு ஆய்வு

கார்த்திகை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். விடாத மழை. கானாடுகாத்தானிலிருந்து ஒரு ஆச்சி போனில் கூப்பிட்டார்கள். "தம்பி, பேரன் வளக்குற காடையில ரெண்டு செத்துப்போச்சு. இன்னும் ரெண்டு வாயத் தொறந்து தொறந்து மூடுது. சளிக்கு மருந்து குடுத்துப் பாத்தோம், கேக்கல. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க."

நான் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலம் முழுக்க மாடும் ஆடும் கோழியுமாகவே போனது. காடை மேல் பிரியம் வந்தது அதற்குப் பிறகுதான். இப்போது என் வீட்டிலும் ஒரு டஜன் நிற்கிறது. அந்த வீட்டில் நடந்ததை நான் விரிவாக எழுதக் காரணம் உண்டு. அங்கே அன்புக்குக் குறைவில்லை. தீவனத்துக்கும் தண்ணீருக்கும் குறைவில்லை. ஆனாலும் பதினான்கு குஞ்சில் ஐந்தை இழந்தார்கள். ஐந்துமே கூட்டாலும் கூட்டுக்குள் பரப்பியதாலும் போனவை.

முதலில் பறவையைப் பற்றிக் கொஞ்சம். வீட்டில் வளர்ப்பது ஜப்பானியக் காடை. இந்தியாவுக்கு 1974இல் வந்து, உத்தரப் பிரதேசத்தின் இஸத்நகரில் ஆராய்ச்சிக்காக வளர்க்கப்பட்டுப் பிறகு நாடு முழுக்கப் பரவியது. நம் கொல்லைக்காட்டில் கூப்பிடுகிற காட்டுக் காடை வேறு. அதைக் கண்ணி வைத்துப் பிடிப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். "ஜோடி சேக்க ஒண்ணு புடிச்சுத் தரவா?" என்று அந்தப் பையனிடம் யாரோ கேட்டிருக்கிறார்கள். நல்லவேளை, அவன் வேண்டாம் என்றுவிட்டான்.

நடந்த கதை

ஆடிக் கடைசியில் ஒரு பண்ணையிலிருந்து மூன்று நாள் குஞ்சுகள் பதினான்கு வாங்கி வந்தார்கள். ஒன்று பத்துக் கிராம் இருந்தால் அதிகம். இரண்டாங்கட்டுத் தாழ்வாரத்தில் நாலு பக்கமும் பலகை வைத்து மறித்து, குண்டு பல்பு தொங்கவிட்டு, ஆத்தங்குடிக் கல் தரைமேல் செய்தித்தாள் விரித்து விட்டார்கள். பல்பு சரி. முதல் வாரம் குஞ்சுக்கு 35 முதல் 37 டிகிரி சூடு வேண்டும். வாரத்துக்கு மூன்று டிகிரி போல் குறைத்துக்கொண்டு வரலாம். தண்ணீர்க் கிண்ணத்தில் கூழாங்கல் போட்டிருந்தார்கள், அதுவும் சரி. இல்லையென்றால் இந்த வயதுக் குஞ்சு அரை அங்குலத் தண்ணீரில்கூட மூழ்கிவிடும்.

தவறு தரையில் இருந்தது. ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடி மேல் வார்க்கிறார்கள். அதனால்தான் அந்த வழவழப்பு. அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் வேறு துடைப்பார்கள். அதன்மேல் செய்தித்தாள், அதன்மேல் ஈர எச்சம். நாலாம் நாள் இரண்டு குஞ்சுக்குக் கால் இரண்டு பக்கமும் பிரிந்து விரிந்துபோனது, நீச்சலடிக்கிற தவளை போல. ஒன்றுக்குப் பையன் தானாகவே மெல்லிய ஒட்டுப்பட்டையை வெட்டி, இரண்டு காலையும் இயல்பாக நிற்கிற அகலத்தில் சேர்த்து ஒட்டி, மூன்று நாள் விட்டிருக்கிறான். அந்தக் குஞ்சு தேறி எழுந்து நடந்தது. இன்னொன்றைக் கவனிக்க நாளாகிவிட்டது. எலும்பு இறுகிய பிறகு ஒட்டுப்பட்டை கேட்காது. அதுதான் முதல் சாவு.

மூன்று வாரம் ஆனதும் கூடு செய்தார்கள். நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம், மேலே கம்பிவலை. அடியில் கால் கிடையாது, கல் தரைமேலேயே உட்கார்ந்திருந்தது. தச்சுப் பட்டறையிலிருந்து ஒரு சாக்கு மரத்தூள் வந்தது. பழைய பர்மா தேக்கு இழைத்த தூள், மாவு போல் நைஸாக. காடைகள் சீய்க்கச் சீய்க்கத் தூசி எழுந்தது. ஆச்சிக்கே தும்மல் நிற்கவில்லை. இரண்டு வாரத்தில் அதை விட்டுவிட்டு அரிசி ஆலையிலிருந்து உமி வாங்கினார்கள்.

புரட்டாசியில் இரண்டாவது சாவு. காடை பயந்தால் ஓடாது, நேராக மேலே எழும்பும். இரண்டடி உயரம் அதற்கு வேகம் எடுக்கப் போதும், வேகம் தணியப் போதாது. ராத்திரி ஒரு பூனை கூட்டின் மேல் குதித்திருக்கிறது. காலையில் ஒரு பெட்டைக்கு உச்சந்தலைத் தோல் உரிந்து, கழுத்து சாய்ந்து கிடந்தது. மிச்சத்தில் நாலுக்குத் தலையில் காயம்.

பிறகு ஐப்பசி. மழை. உமி ஈரமாக ஆக, மேலே இன்னும் கொஞ்சம் உமியைத் தூவிக்கொண்டே வந்திருக்கிறார்கள். பார்க்க மேல்பக்கம் பொன்னிறமாக, சுத்தமாக இருந்திருக்கிறது. நாற்றம் வந்ததும் யாரோ சொன்னார்கள் என்று சுண்ணாம்புத் தூளைத் தூவினார்கள். நாற்றம் கூடியது.

நான் பார்த்தது

செட்டிநாட்டு வீட்டின் அமைப்பு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று ஒன்றின் பின் ஒன்றாக நேர்கோட்டில் போகும். நடுநடுவே திறந்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம். வெயில் காலத்தில் வாசலில் நுழைகிற காற்று கொல்லை வரை தடையில்லாமல் ஓடும், அருமையான வீடு. ஆனால் கூடு இருந்தது தாழ்வாரத்தின் விளிம்பில். ஓட்டிலிருந்து விழுகிற தண்ணீர் முற்றத்துக் கல்லில் பட்டுத் தெறித்து, வாடைக்காற்றோடு நேராகக் கூட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. நான் குடையை மடக்கி வைத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா நின்று அதைத்தான் பார்த்தேன்.

நின்றபடி மூக்குக்குப் பெரிதாக எதுவும் தெரியவில்லை. முழங்காலிட்டுக் கூட்டுக் கதவைத் திறந்து, காடை தலை இருக்கிற உயரத்துக்கு, தரையிலிருந்து நாலு விரற்கடைக்கு, முகத்தைக் கொண்டுபோனேன். கண் எரிந்து தண்ணீர் வந்துவிட்டது. அம்மோனியா. கோழிப் பண்ணைக்குச் சொல்கிற வரம்பு பத்து லட்சத்தில் 25 பங்கு. அளக்கும் கருவி என்னிடம் இல்லை. ஆனால் கண் எரிகிற அளவு வந்துவிட்டால் அளக்க வேண்டிய அவசியமும் இல்லை. பையனையும் அதேபோலக் குனிந்து பார்க்கச் சொன்னேன். நிமிர்ந்தவன் முகம் மாறிப்போயிருந்தது. "இதுலயா சார் ராத்திரி பூரா இருந்துச்சு?" என்றான்.

கை நிறைய உமியை அடியிலிருந்து அள்ளி இறுக்கிப் பிடித்துத் திறந்தேன். கொழுக்கட்டை மாதிரி உருண்டையாகவே நின்றது. நல்ல படுக்கை என்றால் பிடித்து விட்டதும் மெதுவாக உதிர வேண்டும். பிடிக்கவே பிடிக்காமல் ஓடினால் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டது, தூசி எழும். இந்த உருண்டையை உடைத்தால் உள்ளே சாம்பலும் பச்சையுமாகப் பூஞ்சணம் நூல் நூலாக ஓடியிருந்தது. மீதி உமிச் சாக்கு எங்கே என்று கேட்டேன். மூன்றாங்கட்டில், கிணற்றடிச் சுவரை ஒட்டி, வெறுந்தரையில். சாக்கின் அடிப்பாகம் கறுத்திருந்தது. ஆக, காய்ந்த உமி என்று நினைத்துத் தினமும் மேலே தூவியதும் பூஞ்சணம்தான்.

உயிரோடிருந்த பத்தையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தேன். ஆறுக்குக் கால்விரல் நுனியில் எச்சமும் உமியும் சேர்ந்து இறுகி, மிளகு அளவு முதல் சுண்டைக்காய் அளவு வரை உருண்டை கட்டியிருந்தது. பிய்த்தால் நகமும் கூடவே வரும், சில நேரம் விரல் நுனியே வரும். எவர்சில்வர் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து, காடையைத் துண்டில் சுற்றி, கால் மட்டும் நனைகிற மாதிரி பையன் பிடித்துக்கொண்டான். கால் மணி நேரத்தில் மண் கட்டி கரைவது போல ஓரத்திலிருந்து இளகியது. விரலால் நசுக்கி நசுக்கி எடுத்தோம். கடைசிக் காடையின் காலை எடுத்தபோது விரல்கள் இளஞ்சிவப்பாக, மெலிந்து, பிறந்த குழந்தையின் விரல் மாதிரி இருந்தன. பையன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நோய்ப்பட்ட இரண்டும் மூலையில் கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சு விட்டன. காதருகே வைத்துக் கேட்டேன், கரகரப்பு இல்லை. சளி என்றால் சத்தம் இருக்கும். சத்தமில்லாமல் திணறினால் நுரையீரலில் பூஞ்சை என்றுதான் சந்தேகப்பட வேண்டும். செத்த இரண்டில் ஒன்றை ஆச்சி பையில் கட்டிக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்திருந்தது பெரிய உதவி. உறையவிட்டிருந்தால் அறுத்துப் பார்ப்பது கெட்டுப்போயிருக்கும். கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். மார்பைத் திறந்ததும் நுரையீரலிலும் காற்றுப் பையிலும் கடுகு அளவில் மஞ்சள் வெள்ளை முடிச்சுகள். அஸ்பெர்ஜில்லோசிஸ். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றுகிற நோய் இல்லை இது. எல்லாமே ஒரே படுக்கையிலிருந்து பூஞ்சை வித்துகளைச் சுவாசிக்கின்றன, அவ்வளவுதான். கூட்டமாகக் கொடுத்துக் குணப்படுத்துகிற மருந்தும் இல்லை. மருத்துவர் சொன்னதும் அதுதான்: மூலத்தை அப்புறப்படுத்துங்கள்.

ஏன் இப்படி ஆனது

கோழி ராத்திரியானால் கிளையிலோ கம்பிலோ ஏறிவிடும். புறாவுக்குப் பலகை உண்டு. காடைக்குத் தரையை விட்டால் வேறு இடமே இல்லை. தூங்குவது, தின்பது, முட்டையிடுவது, புழுதியில் குளிப்பது எல்லாம் அதே தரையில், அதே எச்சத்தின் மேல். அதனால் கோழிக்கு "கொஞ்சம் ஈரம்" என்று விடுகிற தரை காடைக்கு நோய்ப்படுக்கை. கோழி வளர்த்த அனுபவத்தை வைத்துக் காடை வளர்ப்பவர்கள் எல்லோரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். நானும் முதல் வருடம் இதில் நாலு காடையை இழந்தேன்.

சுண்ணாம்பு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் எந்த நாற்றத்துக்கும் கை முதலில் சுண்ணாம்புக்குத்தான் போகும். எச்சத்தில் உள்ள யூரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. படுக்கை காரத்தன்மை அடைய அடைய அது வாயுவாக வெளியேறுவது அதிகமாகும். சுண்ணாம்பு காரம். ஈரமான, எச்சம் கலந்த படுக்கைமேல் அதைத் தூவினால் அடங்கியிருந்த அம்மோனியாவையும் கிளப்பிவிட்டது போல. படுக்கையை முழுக்க அள்ளிக் கொட்டிவிட்டு, கழுவிக் காய்ந்த வெறுந்தரையில் சுண்ணாம்பு அடிப்பது நல்லது. அதன் வேலை அங்கே.

எதைப் பரப்புவது

வெளிநாட்டார் எழுதுவதில் பைன் மரச் சுருள் என்று வரும். அதைத் தேடி அலைய வேண்டாம். காரைக்குடியைச் சுற்றித் தச்சுப் பட்டறைக்குக் குறைவில்லை. கேட்க வேண்டியது தூளை அல்ல, இழைப்புளியிலிருந்து விழுகிற சுருளை. வேம்பு, மா, பலா எதுவானாலும் பாதகமில்லை. பழைய பாலிஷ் சுரண்டிய மரமும், ஒட்டுப்பலகை அறுத்த தூளும் வேண்டாம். அதில் பசையும் ரசாயனமும் உண்டு. நைஸ் தூள் மூச்சுக்குக் கெடுதல், குஞ்சுகள் தீனி என்று தின்று இரைப்பை அடைத்தும் சாகும்.

உமி மோசமானதில்லை. காய்ந்திருந்தால் கால் வழுக்காது, விலையும் மலிவு. ஆனால் ஈரத்தை உறிஞ்சாது, அடியில் இறங்கவிடும். அதனால் சுருளோடு பாதிக்குப் பாதி கலந்தால்தான் எனக்குத் திருப்தி. கடலைத்தோல் நம் பக்கத்தில் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் மழை மாதத்தில் நான் தொட மாட்டேன். அவ்வளவு சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். தென்னை நார்த்தூள் நன்றாக உறிஞ்சும். உறிஞ்சியதை விடாது, கட்டியாகிவிடும். வைக்கோல் என்றால் விரல் நீளத்துக்கு நறுக்க வேண்டும், நீளமாகக் கிடந்தால் காலில் சுற்றும். ஆற்று மணல் சித்திரை வைகாசிக்கு மிக நல்லது, குளிர்ச்சியாக இருக்கும், எச்சத்தைச் சல்லடையால் அரித்துவிடலாம். அதே மணல் கார்த்திகையில் ஈரம் ஏறிச் சில்லிட்டுக் கிடக்கும்.

முதல் வாரக் குஞ்சுக்கு இவை எதுவும் வேண்டாம். அட்டைப்பெட்டியின் மேல்தாளை உரித்தால் உள்ளே நெளிநெளியாக ஒரு பக்கம் இருக்குமே, அதை மேலே பார்க்க விரியுங்கள். கால் பிடிப்பாக நிற்கும். தினம் மாற்றிப் போட்டுவிடலாம், செலவே இல்லை.

மாற்றிக் கட்டியது

அன்றைக்கே செய்தது மூன்று. பழைய படுக்கையை வாயில் துணி கட்டிக்கொண்டு, தூசி எழாமல் தண்ணீர் தெளித்து அள்ளி, கொல்லையில் குழி வெட்டிப் புதைத்தோம். மீதி உமிச் சாக்கும் அதோடு போனது. மனிதனுக்கும் அந்த வித்து ஆகாது. ஆச்சியை அந்தப் பக்கமே வரவிடவில்லை. நல்ல பறவைகளை வளவில் ஒரு காய்ந்த அட்டைப்பெட்டிக்கு மாற்றினோம், நோய்ப்பட்ட இரண்டைத் தனியாக.

புதுக் கூட்டுக்கு ஒரு வாரம் ஆனது. ஆறடி நீளம், மூன்றடி அகலம். பண்ணைக் கூண்டில் ஒரு காடைக்கு 150 முதல் 200 சதுர சென்டிமீட்டர் கணக்குப் போடுவார்கள், ஓர் உள்ளங்கை அகலம். அது விற்பனைக் கணக்கு. வீட்டில் பிரியமாக வளர்ப்பதற்கு ஒன்றுக்கு ஒரு சதுர அடிக்குக் குறையக் கூடாது என்பது என் முடிவு. பழைய கூட்டில் எட்டு சதுர அடியில் பதின்மூன்று இருந்தன.

உயரம் ஓரடிதான் வைத்தோம். அந்த உயரத்தில் எழும்பினாலும் வேகம் பிடிக்காது. அதற்கு மேல் வேண்டுமென்றால் ஆள் உயரத்தைத் தாண்டிப் போக வேண்டும். நடுவில் நிறுத்துவதுதான் ஆபத்து. வலைக்குக் கொஞ்சம் கீழே மெத்தென்று ஏதாவது கட்ட வேண்டும் என்றேன். ஆச்சி உள்ளே போய் ஒரு பழைய கண்டாங்கிச் சேலையை எடுத்து வந்தார்கள். அரக்கும் கறுப்புமாகக் கட்டம் போட்டது, துவைத்துத் துவைத்து மெத்தை மாதிரி ஆகியிருந்தது. "எங்க ஆத்தா கட்டுனது தம்பி. கெடந்து மக்குறதுக்கு இதுக்காவது ஆகட்டும்." அதைத் தளர்வாக இழுத்துக் கட்டினோம்.

வலை அரை அங்குலக் கண் உள்ள வெல்டு வலை. கோழி வலையின் கண்ணில் சாரைப்பாம்பும் எலியும் நுழையும். நுழையாவிட்டாலும் காடை தலையை வெளியே நீட்டும், பூனை காத்திருக்கும். அடிப்பாகம் கம்பி வேண்டாம், பலகை. கம்பித் தரை பண்ணைக்காரருக்குச் சுத்தம் செய்ய வசதி, காடைக்குப் பாதத்தில் புண். பலகைமேல் இழுத்து எடுக்கிற தகரத் தட்டு, தட்டில் இரண்டரை அங்குலம் படுக்கை. கூட்டுக்கு நாலு கால் வைத்து ஓரடி தூக்கினோம். அடியில் காற்று ஓட. கால்களை எறும்புக்காகத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினோம். இடத்தைத் தாழ்வார விளிம்பிலிருந்து உள்சுவர் ஓரத்துக்கு மாற்றினோம். வடகிழக்குப் பக்கம் மட்டும் பலகை அடைப்பு, மற்ற மூன்று பக்கம் திறப்பு. காற்றோட்டம் வேண்டும், நேர்காற்று வேண்டாம்.

தண்ணீர்க் கிண்ணத்தைப் படுக்கையின் மேல் வைக்காமல் ஓரத்தில் கம்பிவலை போட்ட சின்ன மேடையில் வைத்தோம். சிந்துகிற தண்ணீர் கீழே ஒரு தட்டில் விழும். பாதி ஈரம் மழையால் அல்ல, தண்ணீர்க் கிண்ணத்தால் வருகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

மறைவிடம் இல்லாத கூட்டில் காடைக்கு நிம்மதி இருக்காது. ஆச்சி வீட்டில் கொட்டான்கள், அதாவது பனையோலைக் கூடைகள், நிறைய. சாயம் மங்கியவை நாலைந்தைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தோம். ஓலையும் ஈரம் இழுக்கும், வாரம் ஒருமுறை வெயிலில் போட வேண்டும். ஒரு மூலையில் செம்மண்ணும் சலித்த அடுப்புச் சாம்பலும் கலந்த புழுதித் தட்டு. விட்ட அன்றைக்கு ஐந்து நிமிடம் எல்லாம் விறைப்பாக நின்றன. பிறகு ஒரு பெட்டை தட்டில் ஏறி, நெஞ்சைத் தேய்த்து, பக்கவாட்டில் சரிந்து, ஒரு காலை நீட்டிச் சிறகுக்குள் மண்ணை வாரி வாரிப் போட்டுக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டது. அடுத்த நிமிடம் தட்டில் இடம் இல்லை, ஒன்றன் மேல் ஒன்று.

பிறகு

நோய்ப்பட்ட இரண்டில் சேவல் ஒன்று ஐந்தாம் நாள் போய்விட்டது. பெட்டை பிழைத்தது. ஆக ஒன்பது: ஆறு பெட்டை, மூன்று சேவல். மார்பு செந்நிறமாக இருப்பது சேவல், புள்ளி போட்டிருப்பது பெட்டை. ஒரு சேவலுக்கு மூன்று பெட்டையாவது இல்லாவிட்டால் பெட்டைகளின் பிடரி மொட்டையாகிவிடும். பள்ளத்தூரில் பெட்டை மட்டும் வைத்திருந்த ஒரு வீட்டுக்கு ஒரு சேவலைக் கொடுத்தோம்.

பையன் தினம் காலையில் ஈரமான இடத்தை மட்டும் அள்ளுகிறான், மேலே தூவி மூடுவதில்லை. மழை நாளில் நாலு நாளுக்கொரு முறை, வெயிலில் பத்து நாளுக்கொரு முறை முழுப் படுக்கையும் மாறுகிறது. சுருளும் உமியும் இப்போது பத்தாய அறையில், பலகைமேல் இருக்கின்றன. அள்ளியது முருங்கைக்கும் வாழைக்கும் உரமாகப் போகிறது. பச்சையாகப் போட்டால் வேர் வெந்துவிடும் என்று இரண்டு மாதம் மக்கவிடச் சொல்லியிருக்கிறேன்.

மார்கழியில் முட்டை நின்றுவிட்டது என்று கவலைப்பட்டான். ராத்திரியிலும் பல்பு போடலாமா என்று கேட்டான். பகல் குறைந்தால் காடை ஓய்வெடுக்கும், எடுக்கட்டும் என்றேன். தை பாதியில் ஒரு நாள் படம் அனுப்பினான்: கொட்டானுக்குள், சுருளைக் குழித்துக்கொண்டு, பழுப்புப் புள்ளி போட்ட ஒரு முட்டை.

மாசியில் போயிருந்தபோது மறுபடி முழங்காலிட்டு முகத்தைக் கொண்டுபோனேன். மரச்சுருள் வாசனைதான் வந்தது. பிழைத்த பெட்டை மட்டும் கொஞ்சம் வேகமாக ஓடினால் இன்னும் வாயைத் திறக்கிறது. நுரையீரலில் பட்ட வடு அது. புழுதித் தட்டில் மற்றவை புரண்டு தூசி கிளப்புகிற நேரத்தில் அதைத் தனியே எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார்கள் ஆச்சி.